அத்தியாயம் 7: பி.எஸ்.பி.யைத் தேடிப் பிடிப்பதும் ஓட வைப்பதும்

திண்டுக்கல் பக்கத்து வீடுகளில் இன்னும் பி.எஸ்.பி. இருக்கிறது, பீரோவுக்குள் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மாமா வாங்கி வந்தது. பையன் ஏழாவது, எட்டாவது படிக்கும்போது ராப்பகலாக விளையாடியது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கியதும் அம்மா எடுத்து உள்ளே வைத்துப் பூட்டியது. தேர்வு முடிந்தது, பையன் வெளியூருக்குப் படிக்கப் போனான், கைக்கு ஸ்மார்ட்போன் வந்தது. கேம் கருவியை யாரும் திரும்ப எடுக்கவில்லை.

சோனி நிறுவனம் 2004 டிசம்பர் 12 அன்று ஜப்பானில் இந்தக் கையடக்க கேம் கருவியை வெளியிட்டது. உலகம் முழுக்க 7 கோடிக்கு மேல் விற்றது. 2014-ல் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நல்ல நிலையில் உள்ள ஒன்றைக் கண்டுபிடிப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிக்கொண்டே வருகிறது. விளையாடி விளையாடித் தேய்ந்துபோனவை குறைவு. சும்மா கிடந்து கெட்டவைதான் அதிகம். சார்ஜ் முழுக்க இறங்கிய பேட்டரி உள்ளேயே உப்புகிறது, பட்டனுக்கு அடியில் தூசி படிகிறது, சார்ஜர் எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாமல் போகிறது. அதனால் இந்த அத்தியாயம் முழுக்க ஒரே எண்ணத்தோடு எழுதப்பட்டது: வாங்குகிறவர் விளையாடுவதற்காக வாங்க வேண்டும். கண்ணாடி அலமாரியில் வைப்பதற்காக வாங்குபவருக்கு இதில் பாதி பயன்படாது.

எந்த மாடல்

பி.எஸ்.பி. என்ற ஒரே பெயரில் ஐந்து கருவிகள் வந்தன. முதலில் வந்தது 1000. 280 கிராம் எடை, கனமான உடம்பு, 1800 எம்.ஏ.எச். பேட்டரி. 2007-ல் வந்த 2000 மெலிந்து 189 கிராம் ஆனது. நினைவகம் 32 எம்.பி.யிலிருந்து 64 ஆனது. 2008-ல் வந்த 3000-ல் மைக் சேர்ந்தது, வெளிச்சத்திலும் படம் தெரியும்படி திரை மாறியது. 2009-ல் பி.எஸ்.பி. கோ, 2011-ல் ஸ்ட்ரீட் என்று அழைக்கப்படும் E1000.

நம் ஊருக்கு 2000 அல்லது 3000 போதும். இரண்டுக்கும் ஒரே பேட்டரி, ஒரே சார்ஜர். ஒன்று பழுதானால் மற்றொன்றின் பேட்டரியை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். 3000-ன் நிறம் பளிச்சென்று இருக்கும். ஆனால் படம் வேகமாக நகரும்போது மெல்லிய கிடைக்கோடுகள் தெரியும். சிலர் கண்ணை அது உறுத்தும், சிலருக்குத் தெரியவே தெரியாது. உறுத்தினால் 2000 தேடலாம். 1000 கையில் பிடிக்க அருமையான கருவி. ஆனால் மினி யு.எஸ்.பி. வழியாக அது சார்ஜ் ஏறாது, வேகமான காட்சியில் திரையில் நிழல் இழுக்கும்.

கோ மாடலை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. எல்லாவற்றையும் இணையத்தில் வாங்கி இறக்க வேண்டும் என்று வடிவமைத்தார்கள். பி.எஸ்.பி.யிலிருந்து நேரடியாக வாங்கும் மிச்ச வசதியையும் 2021 ஜூலையில் சோனி நிறுத்திவிட்டது. பேட்டரியையும் நாமே கழற்றி மாற்ற முடியாது. E1000-லும் பேட்டரி உள்ளே மூடியே இருக்கும், ஒரே ஒரு ஸ்பீக்கர், வை-ஃபை கிடையாது. மலிவாகக் கிடைத்தால் சிறு பிள்ளைக்கு வாங்கித் தரலாம்.

மாடல் எண்ணின் கடைசி இலக்கம் கருவி எந்த நாட்டுச் சந்தைக்குத் தயாரானது என்று சொல்லும். 3000 என்றால் ஜப்பான், 3001 வட அமெரிக்கா, 3003 பிரிட்டன், 3004 ஐரோப்பா, 3006 சிங்கப்பூர், ஹாங்காங். சிங்கப்பூர் மாமா கொண்டுவந்தது பெரும்பாலும் 6-ல் முடியும். கேம் டிஸ்க்குக்கு நாட்டுக் கட்டுப்பாடு இல்லை, எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும். சினிமா டிஸ்க்குக்குத்தான் கட்டுப்பாடு உண்டு. ஜப்பான் கருவியில் மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்றலாம். ஆனால் 'சரி' என்பதற்கு வட்டப் பட்டன், 'வேண்டாம்' என்பதற்கு X பட்டன் என்று தலைகீழாக இருக்கும். கை பழக ஒரு வாரம் ஆகும்.

எங்கே தேடுவது

முதலில் சொந்தக்காரர் வீடுகளில் கேளுங்கள். கல்யாணம், காதுகுத்து என்று எல்லோரும் கூடும் இடத்தில், "அத்தை, அண்ணன் அப்ப விளையாடுமே, அந்த கேம் எங்க இருக்கு?" என்று ஒரு கேள்வி போதும். நத்தம், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பேகம்பூர், நாகல் நகர் என்று வெளிநாட்டு வேலைக்குப் போய் வந்த குடும்பம் எங்கே இருந்தாலும் வாய்ப்பு உண்டு. இப்படிக் கிடைக்கும் கருவிக்கு ஒரு பெரிய நன்மை: அதன் வரலாறு தெரியும். யார் வைத்திருந்தது, தண்ணீரில் விழுந்ததா, கடையில் திறந்தார்களா என்று நேரே கேட்டுவிடலாம்.

கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதிலிருக்கும் மெமரி ஸ்டிக்கை கம்ப்யூட்டரில் நகலெடுத்து உரியவரிடம் கொடுப்பது. அந்தக் காலத்தில் போனில் இடம் குறைவு. வீட்டு விசேஷ வீடியோவையும் போட்டோவையும் பி.எஸ்.பி.யில் ஏற்றிப் பார்த்தவர்கள் நிறைய. அந்தக் குடும்பத்துக்கு அவை வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம்.

சொந்தத்தில் கிடைக்காவிட்டால் மதுரை, அதற்கு மேல் சென்னை. சென்னையில் ரிச்சி தெருவும், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-ல் உருவான பர்மா பஜாரும் இன்னும் தேடத் தகுந்த இடங்கள். அங்கே கருவியைவிட உதிரிபாகம் தேடுவது பலன் தரும். பழைய பொருள் விற்கும் ஓ.எல்.எக்ஸ். போன்ற செயலிகளில் வாங்கினால் முன்பணம் அனுப்பாதீர்கள். விற்பவர் அனுப்பும் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து 'உறுதிப்படுத்த'ச் சொன்னால் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள். நேரில், பகலில் வாங்குங்கள். மதுரைக்காரர் என்றால் ஆரப்பாளையம் பேருந்து நிலையம், நம்மூர்க்காரர் என்றால் காமராஜர் பேருந்து நிலையம் வசதியான இடங்கள்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்பினால் வரி இல்லை என்ற பழைய நம்பிக்கை 2019 டிசம்பரோடு முடிந்தது. ராக்கிக் கயிறும் உயிர்காக்கும் மருந்தும் தவிர மற்ற அன்பளிப்புகளுக்கு முழு வரி கட்ட வேண்டும். லித்தியம் பேட்டரியைத் தபால் துறை ஏற்காமல் போவதும் உண்டு. ஊருக்கு வரும் சொந்தக்காரரிடம் சொல்லிக் கைப்பையில் கொண்டுவரச் செய்வதே நல்ல வழி. உதிரி பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். லக்கேஜில் போடக் கூடாது. ஜப்பானில் இருப்பவர் என்றால் ஹார்ட் ஆஃப், புக் ஆஃப் கடைகளில் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பொருளைச் சோதித்து, தரம் குறித்து, விலைச்சீட்டு ஒட்டி விற்பார்கள்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

பேட்டரி மூடியைத் திறப்பதுதான் முதல் சோதனை. மூடி தானாகவே தூக்கிக்கொண்டு நின்றாலோ, பேட்டரி வயிறு புடைத்திருந்தாலோ, அந்தப் பேட்டரி முடிந்தது என்று பொருள். கருவி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பேட்டரியை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, சார்ஜரை மட்டும் செருகிப் பவர் பட்டனைத் தள்ளுங்கள். 1000, 2000, 3000 மூன்றும் பேட்டரி இல்லாமலே சார்ஜரில் ஓடும். பீரோவிலிருந்து எடுத்த பல பி.எஸ்.பி.களை 'செத்துப்போச்சு' என்று ஒதுக்குவது இந்தச் சோதனையைச் செய்யாததால்தான்.

பேட்டரி வைக்கும் குழிக்குள் மாடல் எண் ஒட்டியிருக்கும். பெட்டியில் ஒரு எண், குழியில் வேறு எண் என்றால் வேறு ஒன்றின் பெட்டி. மேலோடு புத்தம்புதிதாக மின்னுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். வெளிச்சந்தை மேலோடு மாற்றி விற்பது சாதாரணம்; அப்படி மாற்றியதில் பட்டன்கள் கல்லாக இருக்கும், விளிம்புகள் சரியாகப் பொருந்தாது. கீறல் விழுந்த அசல் உடம்பு அதைவிட மேல்.

ஒரு வெள்ளைப் படம், ஒரு கறுப்புப் படம், ஒரு பாட்டு ஆகியவற்றை மெமரி ஸ்டிக்கில் போட்டுக் கொண்டுபோங்கள். வெள்ளையில் கறுப்புப் புள்ளியோ, கறுப்பில் வெள்ளைப் புள்ளியோ தெரிந்தால் திரையில் பிக்சல் செத்திருக்கிறது. பாட்டைப் போட்டு இரண்டு ஸ்பீக்கரையும், பிறகு ஹெட்போனையும் கேளுங்கள். யு.எம்.டி. எனப்படும் இதன் கேம் டிஸ்க் ஒன்றைப் போட்டுக் கேம் தொடங்கும் வரை பொறுங்கள். சுழலும் சத்தம் வந்தும் படிக்காவிட்டால் லென்ஸ் அழுக்காகவோ தேய்ந்தோ இருக்கும். கேம் ஓடும்போது அனலாக் குமிழிலிருந்து கட்டைவிரலை எடுங்கள். ஆள் தானாக நடந்துகொண்டே இருந்தால் அனலாக் மாற்ற வேண்டும். மேலே உள்ள எல், ஆர் பட்டன்களை மறக்காமல் அழுத்துங்கள்.

'ஆயிரம் கேம் ஏத்தியிருக்கு' என்று சொல்லி விலையைக் கூட்டினால் அதற்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம். கருவி, திரை, பட்டன், டிஸ்க் டிரைவ் இவற்றுக்கு மட்டுமே விலை பேசுங்கள். பேட்டரி புதிதாக வாங்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு அந்தத் தொகையைக் கழித்துக் கேளுங்கள்.

பேட்டரி

இந்தக் கருவியின் ஆயுள் பேட்டரியில்தான் இருக்கிறது, ஏமாற்றும் அங்கேதான் அதிகம். 1000-க்கான அசல் பேட்டரியின் எண் PSP-110. 2000, 3000-க்கு PSP-S110, அதன் கொள்ளளவு 1200 எம்.ஏ.எச். அதே அளவுள்ள பேட்டரியில் 2400, 3600 என்று அச்சடித்து விற்கிறார்கள். அந்த இடத்துக்குள் அவ்வளவு அடைக்க முடியாது. எண் பெரிதாக இருக்கும் அளவுக்குச் சந்தேகப்படுங்கள். உண்மையான சோதனை, திரை வெளிச்சத்தை நடுவில் வைத்து ஒரு கேமைத் தொடர்ந்து ஓட்டுவது. மூன்று மணி நேரம் தாங்கினால் நல்ல பேட்டரி. ஒன்றரை மணியில் பச்சை விளக்கு மின்ன ஆரம்பித்தால் திருப்பிக் கொடுங்கள். அதனால் திருப்பி வாங்கும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். 2020 நவம்பரில் அலி எக்ஸ்பிரஸ் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட பிறகு இந்தப் பேட்டரிகள் உள்நாட்டு இணையக் கடைகள் வழியாகத்தான் வருகின்றன. விலை கொஞ்சம் கூடுதல். திருப்பிக் கொடுக்கும் வசதி அதற்கு ஈடு.

பல வருடம் காலியாகக் கிடந்த பேட்டரியை நேரடியாகக் கரண்ட் கொடுத்து எழுப்பித் தருகிறேன் என்று சில கடைகளில் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே கெட்டுப்போன லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கலாம். உப்பியதைக் குத்தக் கூடாது, அழுத்தக் கூடாது, குப்பை வண்டியில் போடக் கூடாது. மணல் நிரப்பிய தகர டின்னில் போட்டு, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

நல்ல பேட்டரியைக் காப்பாற்றும் வழி எளிது. வாரம் ஒருமுறையாவது விளையாடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் நிறுத்தி, கழற்றி, வீட்டின் குளிர்ச்சியான அறையில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாதிக்கு ஏற்றிவிடுங்கள். பேட்டரி இல்லாமல் நாள் கடந்தால் கருவி தேதி, நேரத்தை மறந்து மறுபடி கேட்கும், அது பழுதில்லை. பவர் பட்டனை லேசாகத் தள்ளினால் தூங்கத்தான் போகும், சார்ஜ் இறங்கிக்கொண்டே இருக்கும். சில நொடிகள் தள்ளிப் பிடித்தால்தான் முழுதாக அணையும். சித்திரை, வைகாசி வெயிலில் பழனி சாலையில் காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகும்போது டேஷ்போர்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு மதிய வெயில் பேட்டரியின் ஆயுளில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

சார்ஜர்

5 வோல்ட், நடுப் பின் பாசிட்டிவ். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பின்னை மாற்றி மாற்றிச் செருகும் யுனிவர்சல் அடாப்டரில் வோல்ட்டும் துருவமும் தவறாக வைக்க வாய்ப்பு அதிகம். தவறினால் போர்டில் உள்ள அரிசி அளவு ஃபியூஸ் போய்விடும். அசல் சார்ஜர் கிடைக்காதவர்களுக்குச் சிறந்த மாற்று, ஒரு முனையில் யு.எஸ்.பி.யும் மறுமுனையில் 4 மி.மீ. உருண்டைப் பின்னும் உள்ள கேபிள். வீட்டில் இருக்கும் நல்ல மொபைல் சார்ஜரில் செருகினால் போதும். மூன்று மாடலுக்கும் பொருந்தும், பவர் பேங்கிலும் ஓடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் மாலை வரை கரண்ட் நிற்கும் நாளில் அது கைகொடுக்கும். கரண்ட் திரும்ப வரும் நேரத்தில் சார்ஜரைச் செருகி வைத்திருக்காதீர்கள்.

மெமரி

கோ தவிர மற்ற பி.எஸ்.பி.கள் ஏற்பது மெமரி ஸ்டிக் டுவோ, ப்ரோ டுவோ வகைகளை மட்டும். புதிய அசல் கிடைப்பது அரிது, சோனி பெயர் போட்ட போலிகள் ஏராளம். மைக்ரோ எஸ்.டி. கார்டைச் செருகும் சிறு அடாப்டர் வாங்கி, பெயருள்ள நிறுவனத்தின் 32 ஜி.பி. கார்டைப் போடுவதே நிம்மதி. கருவியிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். ஆரஞ்சு விளக்கு மின்னும்போது கார்டையோ பேட்டரியையோ எடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை மினி யு.எஸ்.பி. கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்து PSP ஃபோல்டருக்குள் இருக்கும் SAVEDATA என்பதை நகலெடுத்து வையுங்கள். கார்டு போனால் இன்னொன்று வாங்கலாம். ஐம்பது மணி நேரம் விளையாடிச் சேர்த்தது போனால் போனதுதான்.

தூசியும் ஈரமும்

நம் சமவெளியில் வெயிலுக்கு அடுத்த எதிரி ஆனி, ஆடி மாதக் காற்று கொண்டுவரும் மண் தூசி. டிஸ்க் கதவின் இடுக்கு வழியாக லென்ஸில் போய் உட்காரும், அனலாக்கின் அடியில் சேரும். வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகளுக்கு அருகில் இருப்பவர்களுக்குப் பஞ்சுத் தூசியும் சேர்ந்துகொள்ளும். ஜிப் வைத்த உறை போதும். ஆனால் பயன்படுத்தாத நேரமெல்லாம் அதற்குள் இருக்க வேண்டும். டிஸ்க் வைக்கும் இடத்தை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் லென்ஸில் படும். கேமரா கடையில் கிடைக்கும் ரப்பர் ஊதுகுமிழ் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். கொடைக்கானல் குளிரிலிருந்து வத்தலக்குண்டு இறங்கியதும் உடனே ஆன் செய்யாமல் அரை மணி நேரம் உறைக்குள்ளேயே விடுங்கள். உள்ளே நீர்த்துளி படிந்திருக்கும்.

சர்வீஸ் கடையில்

திண்டுக்கல்லில் பி.எஸ்.பி. பழுதுபார்க்கும் தனிக்கடை தேடி அலைய வேண்டாம். போர்டு வேலை செய்யும் மொபைல் சர்வீஸ்காரர் ஒருவர் போதும். டிஸ்பிளே மட்டும் மாற்றும் கடையும், மைக்ரோஸ்கோப் வைத்து ஐ.சி. மாற்றும் கடையும் வேறு வேறு. மேஜையில் மைக்ரோஸ்கோப் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டம் இல்லாத காலை நேரத்தில் போய், "அண்ணே, சார்ஜரும் எடுக்கல, பேட்டரியும் ஏறல. சார்ஜிங் பின் பக்கத்துல ஃபியூஸ் மட்டும் மீட்டர் வச்சுப் பாருங்க, ஹீட் கொடுத்துடாதீங்க" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பழக்கமில்லாத போர்டு என்று தயங்குபவரை நம்பலாம். பார்க்காமலே 'போர்டு போச்சு' என்பவரிடமிருந்து கருவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அனலாக், பட்டன் ரப்பர், திரை ஆகியவற்றை நீங்களே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. இவை மாடலுக்கு மாடல் வேறுபடும், 2000-க்கானது 3000-க்குப் பொருந்தும் என்று எண்ணி வாங்காதீர்கள். கழற்றிய ஸ்குரூக்களை எண்ணி வைத்துத் திரும்பப் பூட்டுபவரைக் கண்டால் அவரை விட்டுவிடாதீர்கள்.

எதை விளையாடுவது

காட் ஆஃப் வாரின் இரண்டு பாகங்கள், லிபர்ட்டி சிட்டி ஸ்டோரிஸ், டெக்கன், படபான், லுமினஸ் என்று பெயர்பெற்ற டிஸ்க்குகள் தேடினால் கிடைக்கும். அவற்றைவிட நம் கவனம் போக வேண்டியவை இந்தியாவிலேயே இந்தக் கருவிக்காகச் செய்யப்பட்டவை. ஐதராபாத்தின் கேம்சாஸ்திரா நிறுவனம் செய்த 'தேசி அட்டா'வில் கபடியும் கில்லியும் பட்டம் விடுவதும் இருக்கின்றன. மும்பையின் ட்ரைன் நிறுவனம் 'ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்' என்று தெருக் கிரிக்கெட்டைச் செய்தது. 'சந்திரகுப்தா: வாரியர் பிரின்ஸ்' என்று ஒன்றும் வந்தது. வரைகலையில் வெளிநாட்டு டிஸ்க்குகளோடு போட்டியிட முடியாதவை என்பது உண்மை. ஆனால் நம் தெரு விளையாட்டு சோனி டிஸ்க்கில் ஏறியது பி.எஸ்.பி. விற்பனையில் இருந்த காலத்தில். இந்தியாவிலேயே செய்த இவற்றை நம் ஊர்ப் பீரோக்களில் தேடாமல் வேறெங்கே தேடுவது? பெட்டியோடு கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். பெட்டியையும் உள்ளிருக்கும் கையேட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

பி.எஸ்.பி.யின் வை-ஃபை மிகப் பழைய வகை. வீட்டில் இப்போது உள்ள ரவுட்டரோடு இணையாமல் முரண்டு பிடிக்கும். அதற்காக மெனக்கெட வேண்டாம். இரண்டு பி.எஸ்.பி.கள் ரவுட்டர் இல்லாமலே ஒன்றோடொன்று பேசும். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரிடமும் ஒரே டெக்கன் டிஸ்க் இருந்தால் மோதிப் பார்க்கலாம். சில கேம்களில் ஒரே டிஸ்க்கை வைத்துக்கொண்டு மற்றவருக்குப் பகிரும் வசதியும் உண்டு. அதனால் பீரோவிலிருந்து எடுக்கும்போது பக்கத்து வீட்டுப் பீரோவையும் விசாரித்து வையுங்கள். வை-ஃபையை இயக்கும் டபிள்யூலேன் சுவிட்ச் 1000-ல் இடப்பக்கத்திலும், 2000, 3000-ல் மேல் விளிம்பின் இடது ஓரத்திலும் இருக்கும். இருவரும் அதை ஆன் செய்து, மெனுவில் அட்-ஹாக் என்பதை 'ஆட்டோமேட்டிக்'கில் வைத்தால் போதும். விளையாடி முடித்ததும் சுவிட்சை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சார்ஜ் வீணாகும். E1000 வைத்திருப்பவருக்கு மட்டும் இந்த வழி கிடையாது.